பழைய ஹைட்ரோஸ்டாட்டிக் டோசர்: மலையில் ஓட்டுபவர்கள் கேட்கும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் பழைய ஹைட்ரோஸ்டாட்டிக் டோசர் (முன்னால் பிளேடு வைத்து மண் தள்ளும் செயின் வண்டி) வைத்திருக்கும் எஸ்டேட்காரர்களும் ஆபரேட்டர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. கேட்ட வாக்கிலேயே போட்டிருக்கிறேன். பதிலில் வரும் அளவுகள் பொதுவானவை. உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி.

1. ஹைட்ரோஸ்டாட்டிக்னா என்னங்க? எல்லா டோசரும் ஆயில்லதானே வேலை செய்யுது?

பிளேடு எல்லா டோசரிலும் ஆயிலில்தான் தூக்குகிறது. வித்தியாசம் வண்டி நகர்வதில் இருக்கிறது. நம் ஊரில் அதிகம் பார்க்கிற பி.இ.எம்.எல். டி50, டி80 மாதிரி வண்டிகளில் இன்ஜின் சக்தி கியர்பாக்ஸ் வழியாகச் செயினுக்கு, அதாவது சக்கரத்துக்குப் பதிலாக ஓடும் இரும்புப் பட்டைக்குப் போகும். ஹைட்ரோஸ்டாட்டிக்கில் கியர்பாக்ஸே கிடையாது. இன்ஜின் இரண்டு பம்ப்களைச் சுற்றும். இடது செயினுக்கு ஒரு பம்ப், ஒரு மோட்டார், வலதுக்கும் அப்படியே. லீவரைத் தள்ளும்போது பம்புக்குள் இருக்கும் ஸ்வாஷ் பிளேட் என்ற தகடு சாய்கிறது. எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு வேகம். ஜான் டியர் 750, லீப்ஹெர் பி.ஆர். வரிசை, கோமட்சு டி37-21, கேட்டர்பில்லர் டி5கே எல்லாம் இந்த வகை.

பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவே ஓடும் ஆயில் டேங்குக்குத் திரும்பாது. அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே கசிந்து குறைவதை ஈடுகட்ட, சார்ஜ் பம்ப் என்று ஒரு சின்ன பம்ப் இருக்கிறது. பெரிய லைனில் அழுத்தம் 400 பார் வரை போகலாம். சார்ஜ் லைனில் 20 முதல் 30 பார்தான். இந்தச் சின்ன பம்பை மறந்துவிடாதீர்கள், கீழே பல இடத்தில் வரும்.

2. ஒரு பழைய வண்டி விலைக்கு வருது. எதைப் பாத்து வாங்கணும்?

நீங்கள் போய்ச் சேரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். இன்ஜின் கையால் தொட்டால் ஜில்லென்று இருக்க வேண்டும். அப்புறம் ஒரு மணி நேரமாவது மண் தள்ளச் சொல்லுங்கள், முடிந்தால் மேட்டில். ஹைட்ரோஸ்டாட்டிக்கின் நோய் ஆயில் சூடான பிறகுதான் வெளியே வரும். பத்து நிமிஷம் ஓட்டிக் காட்டினால் தேய்ந்த பம்ப்கூடப் புதுசு மாதிரிதான் ஓடும்.

பம்ப், மோட்டார் இரண்டிலும் சின்ன உலோகத் தகடு இருக்கும். அதில் எழுத்து படிக்க முடிகிறதா என்று பாருங்கள். தகடு இல்லாத வண்டியையும், பம்ப் மேலேயே புதுப் பெயிண்ட் அடித்த வண்டியையும் நான் பாதி விலைக்குத்தான் பேசுவேன். காரணம் கேள்வி 8-ல் இருக்கிறது.

3. ஆயில் என்ன ஊத்தறது? ஜே.சி.பி.க்கு ஊத்தற 68 போதுமா?

வண்டியைப் பொறுத்தது. சில கம்பெனிகள் ஹைட்ராலிக் ஆயில் கேட்கின்றன, சில டிராக்டருக்கு வருகிற டிரான்ஸ்மிஷன்-ஹைட்ராலிக் ஆயில் கேட்கின்றன, இன்னும் சில இன்ஜின் ஆயிலையே ஊற்றச் சொல்கின்றன. மேனுவலில் எந்த வகை என்று பார்த்து அதையே ஊற்றுங்கள். ஆயில் குறைந்து மேலே ஊற்றும்போதும் அதே வகை. வேறு வேறு ஆயிலைக் கலந்தால் நுரை கட்டும்.

ஹைட்ராலிக் ஆயில் என்றால் அடுத்தது தடிமன். 68 என்பது 40 டிகிரி சூட்டில் அளந்த எண். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடியற்காலை 0 டிகிரியை ஒட்டி இறங்கும்போது அதே ஆயில் பத்து மடங்குக்கு மேல் தடித்துவிடும், மார்கழியில் உறைந்த தேங்காய் எண்ணெய் மாதிரி. மேனுவல் அனுமதித்தால் மேல் மலையில் 46 நல்லது. கூடலூர், மசினகுடி பக்கம் அவ்வளவு குளிர் இல்லை, 68 தாங்கும்.

4. காலைல ஸ்டார்ட் பண்ணதும் பம்ப்ல கீச்சுனு கத்துது, கொஞ்ச நேரத்துல நின்னுடுது. விட்டுடலாமா?

விடக்கூடாது. பம்ப் ஆயிலை இழுக்க முடியாமல் தவிக்கிற சத்தம் அது. அப்படிக் கத்தும் ஒவ்வொரு நிமிஷமும் உள்ளே பித்தளைப் பாகங்கள் பொரிந்து போகின்றன. தடித்த ஆயில் ஒரு காரணம். உயரம் இன்னொரு காரணம். பம்ப் ஆயிலை உறிஞ்சுவதில்லை. டேங்கில் இருக்கும் ஆயிலைக் காற்றழுத்தம்தான் உள்ளே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் 1013 மில்லிபார். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் கிட்டத்தட்ட முக்கால் பங்குதான். மேட்டுப்பாளையத்தில் சத்தமில்லாமல் ஓடிய வண்டி மேலே வந்து கத்துவது அதனால்தான்.

ஸ்டார்ட் பண்ணி லீவரைத் தொடாமல் குறைந்த ஆர்.பி.எம்.மில் பத்து நிமிஷம் விடுங்கள். அப்புறம் பிளேடை மட்டும் மேலும் கீழும் ஆட்டி ஆயிலைச் சூடாக்குங்கள். சூடான பிறகும் சத்தம் இருந்தால் டேங்கிலிருந்து பம்புக்கு ஆயில் வரும் சக்ஷன் ஹோஸைப் பாருங்கள். பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாக இருக்கும், உள்ளே லைனிங் பிரிந்து வழியை அடைத்திருக்கும். கிளாம்ப் வழியாகக் காற்று இழுத்தாலும் இதே சத்தம்தான். அந்த இடத்தில் ஆயில் சொட்டாது, அதனால் கண்ணுக்குத் தெரியாது. இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பின் மேலும் கெட்டியாகக் கிரீஸ் அப்பிப் பாருங்கள். எங்கே அப்பியதும் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை.

5. காலைல நல்லா ஏறுதுங்க. மத்தியானம் சூடானதும் மேடு ஏற மாட்டேங்குது. பம்ப் போயிடுச்சுனு மெக்கானிக் சொல்றார்.

கேஜ் (அழுத்தம் காட்டும் மீட்டர்) போட்டுப் பார்த்துச் சொன்னாரா என்று கேளுங்கள். பார்க்காமல் சொன்னால் நம்ப வேண்டாம். ஆயில் சூடாகி இளகும்போது தேய்ந்த இடைவெளி வழியாக அதிகம் கசியும், அதனால் பம்ப் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டுதான். ஆனால் அடைபட்ட பில்டர், சார்ஜ் பம்ப், மண் அப்பிய ஆயில் கூலர் எல்லாமே இதே அறிகுறியைக் காட்டும். பெரிய பம்பின் விலைக்கும் இவற்றின் விலைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

ஆயிலை வேலை செய்யும் சூட்டுக்குக் கொண்டுவந்து சார்ஜ் லைன் டெஸ்ட் போர்ட்டில் 0–40 பார் கேஜ் ஒன்றைப் போடுங்கள். நியூட்ரலில், முழு ஆர்.பி.எம்.மில் மேனுவல் சொன்ன அழுத்தம் இருக்கிறதா? நியூட்ரலிலேயே குறைவு என்றால் பெரிய பம்பைத் தொடாதீர்கள். பில்டர், சக்ஷன் ஹோஸ், சார்ஜ் ரிலீஃப் வால்வின் (சார்ஜ் அழுத்தம் அளவு மீறாமல் காக்கும் வால்வ்) ஸ்பிரிங், கடைசியாகச் சார்ஜ் பம்ப். இந்த வரிசையில் பாருங்கள். நியூட்ரலில் சரியாக இருந்து, ஒரு பக்க லீவரைத் தள்ளும்போது மட்டும் சடாரென விழுந்தால் அந்தப் பக்கத்துப் பம்ப் அல்லது மோட்டார். ஓரிரு பார் இறங்குவது பல வண்டிகளில் இயல்புதான், பயப்பட வேண்டாம்.

பம்பா மோட்டாரா என்று பிரிக்க, உள்ளே கசிந்த ஆயிலை வெளியே கொண்டுபோகும் கேஸ் டிரெயின் ஹோஸ் வழியாக ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு ஆயில் வருகிறது என்று இரண்டு பக்கமும் அளந்து ஒப்பிட வேண்டும். இதை அனுபவம் உள்ளவரை வைத்துத்தான் செய்ய வேண்டும். லைன் மாறிப் பெரிய அழுத்த ஹோஸைக் கழற்றிவிட்டால் அந்த ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியது போலச் சின்னப் புள்ளிதான் தெரியும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் கையையே எடுக்க நேரிடும்.

6. சார்ஜ் பிரஷர் கொஞ்சம் கம்மி, ஆனா வண்டி ஓடுது. ஓட்டிக்கலாமா?

கூடாது. இந்த வண்டிகளின் பார்க்கிங் பிரேக் ஸ்பிரிங்கில் பிடிக்கும், ஆயில் அழுத்தத்தில் விடும். பல மாடல்களில் அந்த அழுத்தம் சார்ஜ் லைனிலிருந்துதான் வருகிறது. அழுத்தம் குறைந்தால் பிரேக் முழுசாக விடாது. ஆபரேட்டருக்கு வண்டி சோர்ந்தது மாதிரி தெரியும், அவர் இன்னும் லீவரைத் தள்ளுவார், பிரேக் தட்டுகள் கருகும். அந்தத் தூளும் ஆயிலோடு கலக்கும்.

7. நேரா ஓட்டினாலும் ஒரு பக்கமா இழுக்குது.

முதலில் இரண்டு செயினின் டென்ஷனும் ஒன்றா என்று பாருங்கள். அப்புறம் லீவரிலிருந்து பம்ப் வரை போகும் ராடும் பால் ஜாயிண்ட்டும். தேய்ந்த ஜாயிண்ட் ஒன்று ஸ்வாஷ் பிளேட்டை முழுசாகச் சாய விடாது. சில நூறு ரூபாயில் தீர வேண்டிய வேலைக்குப் பம்பையே இறக்கியவர்கள் உண்டு. இரண்டும் சரி என்றால் கேள்வி 5-ன் சோதனை. நியூட்ரலில் வண்டி மெல்ல ஊர்ந்தால் அது நியூட்ரல் அட்ஜஸ்ட்மெண்ட். மேனுவலைப் பார்த்துத்தான் திருப்ப வேண்டும்.

8. கம்பெனில கேட்டா இந்த மாடலுக்கு ஸ்பேர் நின்னு போச்சுங்கறாங்க. எங்க தேடறது?

டோசர் பெயரைச் சொல்லித் தேடாதீர்கள். பல டோசர்களில் இருப்பது அந்தக் கம்பெனியே செய்த பம்ப் இல்லை, வெளியே வாங்கிப் பொருத்தியது. தகட்டைத் துடைத்துப் பாருங்கள். சவர்-சன்ட்ஸ்ட்ராண்ட், ரெக்ஸ்ராத், லிண்டே, ஈட்டன் என்று ஏதாவது ஒரு பம்ப் கம்பெனியின் பெயர் இருக்கும். சவர்-சன்ட்ஸ்ட்ராண்ட் பிற்பாடு சவர்-டான்ஃபாஸ் ஆகி, இப்போது டான்ஃபாஸ் என்ற பெயரில் இருக்கிறது. கடையில் இந்த மூன்றில் எதைச் சொன்னாலும் புரியும். தகட்டில் இருக்கும் மாடல் கோடை ஒரு எழுத்து விடாமல் எழுதுங்கள், போட்டோவும் எடுங்கள். பம்ப் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதுகூட அதில் ஒரே ஒரு எழுத்தாகத்தான் இருக்கும். அதை விட்டுவிட்டு வாங்கினால் பொருந்தும், ஓடாது.

அப்புறம் யாரிடம் கேட்பது? ஜே.சி.பி. ஸ்பேர் கடையில் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள், ஏனென்றால் பேக்-ஹோ லோடரில் இந்த வகைப் பம்ப் இல்லை. கான்கிரீட் கொண்டுபோகும் டிரான்சிட் மிக்சரைப் பாருங்கள். அந்த டிரம்மைச் சுற்றுவது இதே குளோஸ்டு லூப் (ஆயில் வட்டத்துக்குள்ளேயே சுற்றும் வகை) பம்ப்பும் மோட்டாரும்தான், அதே கம்பெனிகள். தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் ஓடும் செயின் வைத்த நெல் அறுவடை இயந்திரங்களிலும் ஹைட்ரோஸ்டாட்டிக் டிரைவ் உண்டு. ஆகவே கோயம்புத்தூரிலோ சென்னையிலோ மிக்சர் பம்ப் சர்வீஸ் செய்யும் பட்டறைதான் நீங்கள் தேடும் இடம். போர்வெல் ரிக்குகளின் ஊரான திருச்செங்கோட்டில் ஹோஸ், சீல், ஃபிட்டிங் எல்லாம் கிடைக்கும். ஹோஸ் அடிக்க அங்கே போனால் காத்திருக்க வேண்டியிருக்காது.

பேரிங்குக்குக் கம்பெனி பார்ட் நம்பர் தேவையே இல்லை. பெரும்பாலான பேரிங்குகளின் ஓரத்தில் பொதுவான எண் பொறித்திருக்கும், அதைச் சொல்லி எந்தப் பேரிங் கடையிலும் வாங்கலாம். செயின், ரோலர் வாங்கும்போது பிட்ச், பின் விட்டம், புஷ் விட்டம், ஷூ போல்ட் ஓட்டை இடைவெளி நான்கையும் காலிப்பரில் அளந்து கொண்டுபோங்கள். பெர்கோ மாதிரி வெளிக் கம்பெனிகள் செய்யும் செயின் பல பழைய மாடல்களுக்குப் பொருந்தும்.

9. கோயம்புத்தூர்ல செய்ய முடியாதது எதுவுமில்லைனு சொல்றாங்களே. லேத்ல கொடுத்துச் செஞ்சுக்கலாமா?

பிளேடு பின், புஷ், பிராக்கெட், ஐட்லர் ஷாஃப்ட் தாராளமாகச் செய்யலாம். நல்ல ஸ்டீல், சரியான ஹீட் ட்ரீட்மெண்ட் என்று இரண்டையும் கேட்டு வாங்குங்கள். கட்டிங் எட்ஜ் செய்ய வேண்டியதில்லை, ஓட்டை இடைவெளி சொன்னால் ரெடிமேடாகவே கிடைக்கும்.

பம்புக்குள் இருக்கும் பிஸ்டன், பேரல், வால்வ் பிளேட் மூன்றையும் சாதாரண லேத்தில் செய்யவே கூடாது. அங்கே இடைவெளி மைக்ரான் கணக்கு. லேசாகக் கோடு விழுந்த வால்வ் பிளேட்டை லேப்பிங் செய்து தட்டையாக்கலாம், அதுவும் சர்ஃபேஸ் பிளேட்டும் அனுபவமும் உள்ள இடத்தில். எமரி தாளைக் கண்ணாடி மேல் வைத்துத் தேய்த்துத் தருகிறேன் என்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

10. வெளிநாட்டுல பழைய பம்ப் மலிவா கிடைக்குது. வரவழைக்கலாமா?

சீல் கிட், வால்வ் பிளேட், பிஸ்டன் செட் மாதிரிச் சின்னப் புதுப் பாகம் என்றால் சரி. பழைய பம்ப் வேண்டாம். அதன் உள் நிலைமை யாருக்கும் தெரியாது, எடையும் அதிகம். சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டும் போடுவதில்லை. அனுப்பும் கூலியும் இன்சூரன்ஸும் சேர்த்த மதிப்புக்குப் போட்டு, அதற்கு மேல் ஐ.ஜி.எஸ்.டி. வரும். தொழிலுக்காக வரவழைத்தால் ஐ.இ.சி. (இறக்குமதி-ஏற்றுமதியாளர் குறியீடு) எண் கேட்பார்கள். எல்லாம் கூட்டிப் பார்த்தால் இங்கேயே புதுப்பித்தது மலிவாக இருக்கும்.

11. பம்ப்பை எஸ்டேட்லயே கழட்டிப் பாத்துடலாமா?

வண்டியிலிருந்து இறக்குவது எஸ்டேட்டிலேயே செய்யலாம். பம்பைத் திறப்பது மூடிய பட்டறையில்தான். இறக்கும் முன் வண்டியை நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். ஹோஸைக் கழற்றிய அந்த நொடியே இரண்டு முனைக்கும் மூடி போடுங்கள். சாக்குத் துணியைத் திணித்து வைப்பது மூடி ஆகாது. நம் ஊரில் துடைக்க எல்லோரும் எடுப்பது திருப்பூர் பனியன் வேஸ்ட். கையைத் துடைக்கச் சரி, பம்ப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அதன் நூல் பிசிர் சார்ஜ் ரிலீஃப் வால்வின் சீட்டில் ஒன்று உட்கார்ந்தால் போதும், வால்வ் மூடாது, கேள்வி 5-க்கு மறுபடி வந்து நிற்பீர்கள்.

பம்ப் உடைந்து தூள் ஆகியிருந்தால் பம்பை மட்டும் மாற்றினால் தீராது. முதல் பதிலில் சொன்னபடி ஆயில் வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறது, தூள் நேராக மோட்டாருக்குப் போயிருக்கும். அங்கிருந்து உங்கள் புதுப் பம்புக்குத் திரும்பி வரும். மோட்டார், ஹோஸ், கூலர் எல்லாவற்றையும் திறந்து சுத்தம் செய்தாக வேண்டும். செலவு கசக்கும், ஆனால் புதுப் பம்ப் சீக்கிரமே உடைந்துபோகும் கதைகளில் பாதி இதுதான்.

மாட்டிய பிறகு ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் பம்ப் கேஸ், மோட்டார் கேஸ் இரண்டிலும் மேல் துளை வழியாகச் சுத்தமான ஆயில் நிரப்புங்கள். காய்ந்த கேஸோடு ஸ்டார்ட் செய்தால் முதல் நிமிஷத்திலேயே பிஸ்டன் ஷூ தேய்ந்துவிடும்.

12. பில்டர் எப்ப மாத்தறது? திரெட் ஒண்ணாதான இருக்கு, வேற வண்டி பில்டர் போடலாமா?

மணிக் கணக்கு மேனுவலில் இருக்கும். பழைய வண்டிக்கு அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். திரெட் ஒன்றாக இருந்தும் மைக்ரான் வேறாக இருக்கலாம், உள்ளே பைபாஸ் வால்வ் இருக்கலாம், இல்லாமல் போகலாம். வெளியே பார்த்தால் தெரியாது. கழற்றிய பில்டரைத் தூக்கிப் போடாமல் வெட்டித் தாளை விரித்துப் பாருங்கள். மஞ்சள் மினுமினுப்பு பித்தளை. பிஸ்டன் ஷூ தேய்கிறது. காந்தத்தில் ஒட்டும் செதில் பேரிங். கறுப்புத் துணுக்கு ஹோஸ் ரப்பர் அல்லது சீல்.

வடித்த ஆயிலை ஓடையில் விடாதீர்கள். இங்கே ஓடுவதில் பெரும்பாலானது பவானிக்குத்தான் போகிறது, கீழே அதைக் குடிக்கிறார்கள். பழைய ஆயிலை விலைக்கு எடுக்க அனுமதி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

13. செயின் சீக்கிரம் தேயுது. டைட்டா வெச்சா நல்லதுதானே?

இல்லை, டைட்டாக வைத்தால்தான் தேயும். சிறிய டோசருக்குப் பொதுவாக 4, 5 செ.மீ. தொய்வு வேண்டும். அதையும் கழுவி நிறுத்திய வண்டியில் அளக்கக் கூடாது. நம் செம்மண் களி ஸ்ப்ராக்கெட் பல்லுக்குள் அப்பிக்கொண்டால் செயின் தானாக இறுகும், அந்த நிலையில் அளக்க வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் தென்மேற்கு மழை, குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் வடகிழக்கு மழை. அந்தந்த மாதங்களில் சாயங்காலம் களியைச் சுரண்டாமல் நிறுத்தினால் காலையில் கெட்டியாகி ரோலரைச் சுற்ற விடாது. ரிவர்ஸில் வேகமாக ஓடுவதும் புஷ்ஷைத் தின்னும்.

தளர்த்தும்போது கிரீஸ் வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திறக்காதீர்கள், அதற்கு நேரே முகத்தை வைக்காதீர்கள்.

14. ஆபரேட்டர் டீசல் மிச்சம் பண்ண ஆர்.பி.எம். கம்மியா வெச்சு ஓட்டறார். நல்லதுதானே?

கியர் வண்டி ஓட்டிப் பழகியவர் அப்படித்தான் செய்வார். ஹைட்ரோஸ்டாட்டிக்கில் வேலை செய்யும்போது முழு ஆர்.பி.எம்., வேகத்தை லீவரில் குறைக்க வேண்டும். ஆர்.பி.எம். குறைந்தால் சார்ஜ் பம்ப் தரும் ஆயிலும் ஃபேன் காற்றும் சேர்ந்து குறையும், சூடு ஏறும். டர்போ இல்லாத இன்ஜின் ஊட்டி உயரத்தில் ஏற்கெனவே ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழந்திருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

செங்குத்தான இறக்கத்தில் மட்டும் லீவரைக் கொஞ்சமாகத் தள்ளி மெல்ல இறங்குங்கள். அங்கே வண்டியைப் பிடிப்பது இன்ஜின்தான். வேகமாக விட்டால் வண்டியின் எடையே இன்ஜினை அளவுக்கு மீறிச் சுற்றிவிடும்.

15. வழியில நின்னுபோச்சு. இன்னொரு வண்டி வெச்சு இழுத்துடலாமா?

அப்படியே இழுத்தால் ஒன்று நகராது, இல்லை மோட்டார் காலி. பம்பில் பைபாஸ் வால்வைத் திறக்க வேண்டும், பிரேக்கை ஹேண்ட் பம்ப் அல்லது போல்ட் வைத்து விடுவிக்க வேண்டும். எந்த மாடலுக்கு எப்படி என்பது மேனுவலில் இருக்கும். இதில் இருக்கிற ஆபத்தை யாரும் சொல்வதில்லை: பிரேக்கை விடுவித்த அந்த நொடியிலிருந்து சரிவில் வண்டியைப் பிடிக்க எதுவுமே இல்லை. பிளேடு தரையில் ஊன்றி, செயினுக்குக் கீழே கட்டை கொடுத்து, இழுக்கும் வண்டியோடு கட்டிய பிறகுதான் பிரேக்கில் கை வைக்க வேண்டும். நடை வேகம், குறைந்த தூரம், அவ்வளவுதான்.

16. ரிப்பேருக்குக் கீழ கொண்டுபோகணுமா, மெக்கானிக்கை மேல கூப்பிடணுமா?

மெக்கானிக்கை மேலே கூப்பிடுங்கள். பம்பை இறக்கிப் பிக்கப்பில் கோயம்புத்தூருக்கு அனுப்பினால் போதும். லோ-பெட் டிரெய்லர் வாடகை ஒரு பக்கம், கொண்டை ஊசி வளைவில் அதைத் திருப்பும் பாடு ஒரு பக்கம். மழையில் மண் சரிந்து ரோடு அடைத்தால் வண்டி கீழேயே நிற்கும். சரியான பிறகு வேலைக்கு இறக்கும்போது நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரத்துக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், சொந்தத் தோட்டமாக இருந்தாலும்.

17. இவ்வளவு தொல்லை எதுக்கு? இதைக் கழட்டிப் போட்டுட்டு கியர்பாக்ஸ் வெச்சுக்க முடியாதா?

முடியாது. கியர்பாக்ஸ், ஸ்டியரிங் கிளட்ச், பெவல் கியர் உட்கார ஃபிரேமில் இடமே விட்டிருக்க மாட்டார்கள். செய்து தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கியர் வண்டிதான் வேண்டும் என்றால் இதை விற்றுவிட்டு ஒரு டி50 வாங்குங்கள். விற்கும்போது பம்ப் தகட்டின் போட்டோவையும் கேஜ் போட்டு எடுத்த அழுத்தக் கணக்கையும் சேர்த்துக் காட்டுங்கள், விலை கூடுதலாகக் கிடைக்கும்.